கணவாய்க்கு அந்தப் பக்கம் ரெண்டு நிமிஷம்

மெடல் எப்ப என் கழுத்துக்கு வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

ஒரு நிமிஷம் முன்னாடி பதினாலாவது கிலோமீட்டர் கூடாரத்துல நிக்கறேன். நவிலன்னு ஒரு இன்ஜினியர், நம்ம சேலத்துக்காரர், என் காதுக்குப் பின்னாடி பட்டையை ஒட்டிட்டு "ஆல் த பெஸ்ட் மேடம்"ங்கறார். ஒரு தடவை கண்ணைச் சிமிட்டறேன். அதே நவிலன் அதே பட்டையைப் பிச்சுக் கையில வெச்சுக்கிட்டு "கங்கிராட்ஸ் மேடம்"ங்கறார். வேற கூடாரம், வேற வெயில். மனுசன் ஜீப்புல சுத்தி இங்க வந்து ரொம்ப நேரமாச்சாம். நடுவுல இருபத்தெட்டு கிலோமீட்டர், அஞ்சாயிரம் மீட்டருக்கு மேல ஒரு கணவாய், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். ஒண்ணுமே என்கிட்ட இல்ல.

"நான் முடிச்சுட்டனா?"ன்னு கேட்டேன்.

"எட்டு மணி அம்பது நிமிஷம் மேடம். சூப்பர்."

கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. உதடு வெடிச்சு ரத்தம் காஞ்சிருக்கு. வலது முட்டியில சிராய்ப்பு. எங்க விழுந்தேன், எப்ப விழுந்தேன், யாரைக் கேக்கறது? கேக்க வேண்டிய ஆளு நானேதான், அந்த ஆளு ஊர்லயே இல்ல. எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல, ஒரு வாழைப்பழத்தைக் குடுத்தாங்க, வாங்கித் தின்னேன்.

நான் ரோகிணி. கோயமுத்தூர்ல டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கேன். இருபது வருஷமா அடுத்தவங்க கிளட்சை மிதிக்கறதைப் பாத்துப் பாத்து எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும். ஓட ஆரம்பிச்சதே அதைக் குறைக்கத்தான். குறையல, ஆனா ஓட்டம் ஒட்டிக்கிச்சு. மெர்லின்தான் என்னை இந்த மலை ஓட்டத்துக்கு இழுத்துட்டு வந்தா. நாகர்கோவில்காரி, எங்க ஏரியா பொண்ணுங்க ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி டீச்சர், பதினஞ்சு வருஷமா காலைல அஞ்சரைக்கு எங்க வீட்டு கேட்டை ஆட்டறவ.

லடாக் பக்கம் நங்மா லா. 'லா'ன்னா அவங்க பாஷையில கணவாய். போன ரெண்டு வருஷமும் நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் வந்தோம். ரெண்டு தடவையும் அவ முடிச்சா, நான் கணவாய்க்கு ரெண்டு கிலோமீட்டர் கீழ உக்காந்து, வாந்தி எடுத்து, கழுதை மேல இறங்குனேன். ஆமாங்க, கழுதை மேலதான். கீழ வந்தா மெர்லின் ஃபிளாஸ்க்ல காபியோட நிப்பா. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மக்கா"ம்பா. அந்தக் காபியை நான் எப்படிக் குடிச்சேன்னு எனக்குத்தான் தெரியும். மூணாவது தடவையும் அதைக் குடிக்கறதுக்கு நான் தயாரா இல்ல. அதனாலதான் பட்டை.

அதுக்குக் கம்பெனி வெச்ச பேரு 'புதுமூச்சு'. ஓடறவங்க எல்லாரும் பட்டைன்னுதான் சொல்றது. ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயந்தரம் நவிலன் எங்களை உக்கார வெச்சு வெளக்கினார்.

"மேடம், களைப்பு பாதிதான் காலுல இருக்கு. மீதிப் பாதி ஞாபகத்துல. மூணு மணி நேரமா மூச்சு முட்டுனது ஞாபகம் இருக்கறதாலதான் மூளை 'போதும், உக்காரு'ங்குது. பட்டை போட்டா கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும் மனசுல நிக்கும். அதுக்கு முன்னாடி பட்டது பதியாது. எப்பப் பாத்தாலும் இப்பத்தான் ஓட ஆரம்பிச்ச மாதிரியே இருக்கும்."

மெர்லின் டீச்சராச்சே, விடுவாளா? "அப்ப நடுவுல ஓடறது யாரு?"

"அவங்களேதான் மேடம். மயக்கமெல்லாம் கிடையாது. பேசுவாங்க, யோசிப்பாங்க, கோவப்படுவாங்க. பேரு, ஊரு, சொந்தபந்தம், பழைய சண்டை எல்லாம் ஞாபகம் இருக்கும். புதுசு மட்டும் தங்காது."

"வழி மறந்து போச்சுன்னா?"

"அதுக்குத்தான் பேனா." தண்ணி பட்டாலும் அழியாத ஒரு குண்டு பேனாவை நூலுல கட்டி என் கழுத்துல மாட்டி விட்டார். "ஞாபகம் வேணுங்கறதைக் கையில எழுதிக்கணும். 'மஞ்சள் கொடியோட போ', 'அரை மணிக்கு ஒரு எனர்ஜி ஜெல்', அப்படி. எங்க பயிற்சியில முதல் பாடமே இதுதான். உங்க கையெழுத்தை நம்புங்க."

மெர்லின் பட்டை வேண்டாம்னுட்டா. "கஷ்டப்பட்டு ஏறிட்டு, ஏறுனதே தெரியலன்னா, அதுக்கு வீட்டுலயே கெடந்து உறங்கலாம்லா." ஏறிக் காட்டுனவ என்ன வேணா பேசலாம்னு மனசுல நினைச்சேன், அவ்வளவுதான். இருநூத்திச் சொச்சம் பேருல முக்காவாசிப் பேரு பட்டையோடதான் ஓடுனாங்க.

வாழைப்பழத்தைத் தின்னு முடிச்சப்பறம்தான் உறைச்சுச்சு. காபியைக் காணோம். மெர்லினைக் காணோம். பட்டையைப் பிச்சதும் பதினாலாவது கிலோமீட்டர் ஞாபகத்துக்கு வந்தது, அங்க அவ எனக்கு முன்னாடி போயிட்டு இருந்தா. எட்டு மணிக்குள்ள முடிக்கறவ அவ. பெரிய திரையில பேரு வரிசையாப் போகுது. அவ நம்பர் நூத்திப் பதினெட்டு, என்னோடது நூத்திப் பத்தொன்பது. பத்தொன்பது இருக்கு. பதினெட்டு இல்ல.

அப்பத்தான் ஸ்டான்சின் வந்தார். மலையில தேடற குழுவுக்குத் தலைவர், உள்ளூர்க்காரர், அதிகம் பேசாத மனுசன். கையில ஒரு நோட்டு.

"தீதி, நூத்திப் பதினெட்டு உங்க கூட வந்தவங்கதானே? கணவாயில பத்து மணிக்குப் பதிவாயிருக்கு. இறங்கி ரெண்டாவது முகாமுக்கு வரவே இல்ல. நீங்க அவங்களுக்குக் கால் மணி பின்னாடி கணவாயைத் தாண்டியிருக்கீங்க. வழியில பாத்தீங்களா?"

என் ஹிந்தி காய்கறி வாங்கற அளவுக்குத்தான். ஆனா கேள்வி புரிஞ்சுது. "தெரியாது"ன்னேன். வேற என்னத்தச் சொல்ல?

அவர் நோட்டைப் பிரிச்சார். "ஆனா ரெண்டாவது முகாமுல நீங்களே சொல்லியிருக்கீங்க."

அங்க ஒரு வழக்கம் இருக்கு. முகாமுக்கு யாரு வந்தாலும், தண்ணி குடுக்கறதுக்கு முன்னாடி, "மேலே யாராவது?"ன்னு ஒரு கேள்வி கேப்பாங்க. யாராவது விழுந்து கிடக்காங்களா, முடியாம உக்காந்திருக்காங்களான்னு அர்த்தம். பதிலை நோட்டுல எழுதிக்குவாங்க. என் நம்பருக்கு நேரா எழுதியிருந்ததை ஸ்டான்சின் படிச்சுக் காட்டுனார். "நூத்திப் பதினெட்டு நல்லா இருக்கு. பின்னாடி வருது. தேட வேண்டாம்."

"நானா? நானா சொன்னேன்?"

"கையைப் பாத்துட்டுச் சொன்னீங்கன்னு முகாமுல இருந்த பொண்ணு சொல்லுது."

ஜாக்கெட் கையை மேல இழுத்தேன். முந்தின நாள் பொறுமையா எழுதுனது வரிசையா இருக்கு. எழுந்ததும் தண்ணி. மஞ்சள் கொடி. ஜெல். இறக்கத்துல குதிக்காதே. அதுக்குக் கீழ, கோணல்மாணலா, குளிர்ல விறைச்ச கை எழுதுன எழுத்து. 'மெர்லின் நல்லா இருக்கா. தேட வேண்டாம்.'

என் எழுத்துதான். என் 'ழு' எப்பவும் வாலை நீட்டிக்கிட்டுத்தான் இருக்கும், மேல 'எழுந்ததும் தண்ணி'ங்கறதுல நீட்டியிருக்கு. கீழ 'ழு' இல்லைன்னாலும் மத்ததெல்லாம் நானேதான். சந்தேகமே இல்ல.

நவிலன் எட்டிப் பாத்துட்டு மூச்சு விட்டார். "அப்பாடா. மேடம், பயப்படாதீங்க. உங்க கையெழுத்துதானே? அங்க நேர்ல பாத்துட்டுத்தானே எழுதியிருப்பீங்க? மெதுவா வந்துட்டு இருப்பாங்க."

நியாயமாத்தான் பேசறார். நேர்ல பாத்த நான் ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். பாக்காத நான் இங்க நின்னுக்கிட்டு அதை நம்பலாமான்னு யோசிக்கறேன். எந்த நான் பெரிய ஆளு? ஆனா யோசிச்சா ஒண்ணும் ஒட்டல. நல்லா இருக்கறவளைப் பத்தி எதுக்கு எழுதணும்? நல்லா ஓடறவளை யாரு தேடப் போறாங்க, நான் ஏன் 'தேட வேண்டாம்'னு கையில எழுதறேன்? மணி ரெண்டேகால். நாலு மணி நேரமா ஆறு கிலோமீட்டர் இறங்கற ஆளா மெர்லின்?

ஸ்டான்சின் மலையைக் காட்டுனார். கணவாய்ப் பக்கம் வெள்ளையா மூடிக்கிட்டு வருது. "தீதி, என்கிட்ட ஆறு பேர்தான் இருக்காங்க. கீழ் முகாமுல புனேக்காரர் ஒருத்தருக்கு நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சு. ஆறு பேரும் தூக்குனா சீக்கிரம் கொண்டு வந்துடலாம். உங்க கூட்டாளி நல்லா இருக்காங்கன்னா நான் ஆளைப் பிரிக்க மாட்டேன். கையில என்ன எழுதியிருக்கு? சரியா சொல்லுங்க."

அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தக் கூடாரத்துல அந்த எழுத்தைப் படிக்கத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. நானும் நவிலனும்.

ஒரு விஷயம் சொல்லிடறேன். யாருகிட்டயும் சொல்லாதது. முந்தின நாள் படுக்கையில கிடந்து நான் என்ன நினைச்சேன் தெரியுங்களா? இந்தத் தடவை மெர்லின் முடிக்காம போகணும். ஒரே ஒரு தடவை நான் ஃபிளாஸ்க்கோட நிக்கணும், அவ இறங்கி வரணும், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டி"ன்னு நான் சொல்லணும். சும்மா நினைப்புதான். எல்லாருக்கும் வர்றதுதான். ஆனா அந்த நினைப்பு உள்ளவ கையில, ரெண்டு நிமிஷத்துல எல்லாம் மறந்துடும்ங்கற தைரியத்தையும் ஒரு பேனாவையும் குடுத்தா என்ன எழுதுவா? என்னை எனக்குத் தெரியாதா?

நான் ஸ்டான்சினைப் பாத்து, எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில சொன்னேன். "மெர்லின் கால் உடஞ்சுது. கணவாய்க்கு இந்தப் பக்கம், பாறைக்குக் கீழ. ஆள் அனுப்பு. இப்படி எழுதியிருக்கு. முகாமுல நான் தப்பாப் படிச்சுட்டேன்."

ஸ்டான்சின் நவிலனைத் திரும்பிப் பாத்தார். "நீங்களும் இதைப் படிப்பீங்கல்ல. இதானா?"

நவிலன் முகம் வெளுத்துப் போச்சு. அவரு வேலையே 'கையெழுத்தை நம்பு'ன்னு சொல்றது. நான் அவர் கண்ணை விடல. எட்டுப் போட வராத ஆளை முறைக்கற முறைப்பு எல்லாத்தையும் சேத்து முறைச்சேன். உள்ளுக்குள்ள கும்பிட்டுட்டு இருந்தேன்.

"ஆமா"ன்னார் நவிலன். "அதான் எழுதியிருக்கு."

நாலு பேர் மேல போனாங்க. ரெண்டு பேரும் முகாம் ஆளுங்களுமா புனேக்காரரைத் தூக்குனாங்க. அவரைக் கொண்டு வர ஒண்ணரை மணி நேரம் தாமதமாச்சு, பிழைச்சுட்டார். சாமி புண்ணியம். அந்தப் பாரம் என் தலையில ஏறல.

நாலரைக்கு வாக்கி-டாக்கி கரகரன்னுச்சு. ஸ்டான்சின் என்கிட்ட வந்து, "பாறைக்குக் கீழதான் இருந்தாங்க. கால் உடஞ்சிருக்கு. உயிர் இருக்கு. நீங்க எழுதுனது அப்படியே சரி"ன்னார்.

அப்பத்தான் எனக்குப் பயமே வந்துச்சு. வாயில வந்ததை உளறுனேன், அது உண்மையாப் போச்சு. எனக்கெப்படித் தெரியும்? கணவாயில அந்தப் பக்கம் ஏறுனதே எனக்குத் தெரியாதே.

மெர்லினைப் பாக்க ஆஸ்பத்திரியில மூணாம் நாள்தான் விட்டாங்க. இடது கணுக்கால்ல கம்பி. வலது கால்ல மூணு விரல் பனியில கருகி எடுத்துட்டாங்க. முகமெல்லாம் தோல் உரிஞ்சு கிடக்கா. நான் கட்டில் பக்கத்துல உக்காந்து மூக்கை உறிஞ்சிக்கிட்டே கேட்டேன். "மெர்லின், நான் உன்னைப் பாத்தனா?"

அவ போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டா.

"பாத்தே. வளைவுல கால் வழுக்கி முப்பது அடி கீழ போயிட்டேன். விசில் ஊதிட்டே கெடந்தேன். ஏழு பேரு மேல நின்னு எட்டிப் பாத்தாங்க. 'கீழ போய்ச் சொல்றோம், தைரியமா இருங்க'ன்னாங்க. நல்லவங்கதான். எல்லாருக்கும் காதுக்குப் பின்னால அந்தச் சனியன். அடுத்த வளைவு திரும்புறதுக்குள்ள மறந்திருப்பாங்க."

ஏழு பேரு. ஏழு பேருகிட்டயும் ரெண்டாவது முகாமுல "மேலே யாராவது?"ன்னு கேட்டிருப்பாங்க. ஏழு பேரும் மனசாரச் சிரிச்சுக்கிட்டு "யாருமில்ல"ன்னிருப்பாங்க.

"நீதான் இறங்கி வந்தே. ஒரு மணி நேரம் எம்பக்கத்துல உக்காந்திருந்தே. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை என் காலைப் பாப்பே, புதுசாப் பாத்த மாதிரி 'ஐயோ, என்னடி ஆச்சு'ன்னு அழுவே. நான் முதல்லருந்து சொல்லுவேன். மறுபடியும் அழுவே. போன்னா போக மாட்டேன்னே. விட்டா ரெண்டு பேரும் விறைச்சுப் போவோம். அதான் நானே சொல்லி எழுத வெச்சேன். 'மெர்லின் நல்லா இருக்கா'ன்னு எழுதுனாத்தான் நீ திரும்பிப் பாக்காம எறங்குவே."

நான் அவ போர்வையில முகத்தைப் புதைச்சு ஓன்னு அழுதேன். வெக்கமில்லாம அழுதேன். அத்தனையும் சந்தோசம். நான் கெட்டவ இல்ல. ஒரு மணி நேரம் உக்காந்திருக்கேன். முப்பது தடவை அழுதிருக்கேன். எனக்குத் தெரியாம நான் நல்லவளா இருந்திருக்கேன்.

ஊருக்கு வந்து ரெண்டு மாசம் இதே கதையைத்தான் எல்லாருகிட்டயும் சொன்னேன். எங்க ஓட்டக் குழுவுல சொன்னேன், டிரைவிங் ஸ்கூல்ல சொன்னேன், காய்கறிக்காரம்மா வரைக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பாறை, அந்தப் பனி எல்லாம் கண்ணால பாத்த மாதிரியே ஆயிடுச்சு. நவிலன் ஒரு நாள் ஃபோன் பண்ணி வேலையை விட்டுட்டதாச் சொன்னார். அவருகிட்டயும் சொன்னேன். "அப்ப கையெழுத்து பொய்தான் சொல்லியிருக்குக்கா"ன்னார். "ஆமா கண்ணு, அன்பாச் சொன்ன பொய்"னு நானும் பெருமையா சொல்லிக்கிட்டேன்.

அப்பறம் சர்டிபிகேட் வந்துச்சு.

மலையில ஓடறவங்க சர்டிபிகேட்டுல பேரைப் பாக்க மாட்டாங்க. பின்பக்கம் திருப்புவாங்க. எந்த முகாமுலருந்து எந்த முகாமுக்கு எவ்வளவு நேரம்னு அதுலதான் போட்டிருக்கும். நானும் திருப்புனேன். சோத்துத் தட்டை ஒரு கையில வெச்சுக்கிட்டுப் படிச்சேன்.

கணவாயிலருந்து ரெண்டாவது முகாம். ஆறு கிலோமீட்டர் இறக்கம். அம்பத்தி ரெண்டு நிமிஷம்.

தட்டைக் கீழ வெச்சேன். அந்த இறக்கத்தை நல்லா ஓடற ஆளே அம்பது நிமிஷத்துலதான் ஓடுவாங்க. மெர்லின் போன வருஷம் ஓடுனது நாப்பத்தெட்டு. நான் குதிக்காம ஓடுனா நாப்பத்தெட்டுக்குக் குறைய முடியாது. மீதி நாலு நிமிஷம். ஒரு மணி நேரம் இல்ல. எனக்கு நேரம் போனதெல்லாம் கடைசிப் பதினஞ்சு கிலோமீட்டர் சமவெளியிலதான், நொண்டிக்கிட்டு வந்திருக்கேன் போல. திருப்பித் திருப்பிக் கூட்டிப் பாத்தேன். மெஷின் தப்பாக் காட்டியிருக்கும்னு கொஞ்ச நேரம் நம்பிப் பாத்தேன். வண்டியை எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன்.

சாயந்தரம் நாலரை இருக்கும். மெர்லின் சோபாவுல காலை நீட்டிப் பரீட்சைப் பேப்பர் திருத்திட்டு இருந்தா. நான் சர்டிபிகேட்டைப் பின்பக்கம் திருப்பி அவ மடியில வெச்சேன்.

அவளும் ஓடறவதானே. ஒரு பார்வைதான் பாத்தா.

"இதை நான் நினைக்கல பாரு"ன்னா. செவப்புப் பேனாவை மூடினா.

"பொய் சொன்னியா?"

"ஆமா."

"எதுக்குடி?"

"நீ அன்னைக்கு அழுத அழுகையைப் பாத்து வேற என்ன சொல்ல? உனக்குத்தான் அந்த எடம் காலியாக் கெடக்கே. நல்லதா ஒண்ணு வெச்சு ரொப்புனேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

"வேண்டாம் மக்கா."

"சொல்லுடி. நான்தான் அங்க இருந்தேன். எனக்குத் தெரியணும்."

அவ பேப்பரையெல்லாம் அடுக்கி ஓரமா வெச்சா. நிதானமாத்தான் சொன்னா, பாடம் நடத்தற மாதிரி.

"விசில் சத்தம் கேட்டு எறங்கி வந்தே. அது நெஜம். ஏழு பேருல ஒருத்தரும் எறங்கல, நீ எறங்குனே. உன்னைப் பாத்ததும் எனக்கு உயிர் வந்துச்சு. 'என்னடி ஆச்சு'ன்னே. 'ஒண்ணுமில்ல, நீ போ, நான் மெதுவா வாறேன்'னேன்."

"கால் உடஞ்சுதுன்னு நீ சொல்லலியா?"

"நீ பாத்தேட்டி. பாதம் பின்னால திரும்பிக் கெடந்தது. பாத்தே. மேல வழியைப் பாத்தே. வாட்சைப் பாத்தே. 'நெஜமாவா? நான் போகட்டா?'ன்னே. 'போ'ன்னேன். 'கீழ கேட்டா?'ன்னே. 'நல்லா இருக்கான்னு சொல்லு'ன்னேன். பேனாவை எடுத்து எழுதுனே. 'தேட வேண்டாம்'னு சேத்து எழுதுனது நீயாவேதான். அதை நான் சொல்லல."

"நீ ஏண்டி போன்னு சொன்னே?"

மெர்லின் என்னை விசித்திரமாப் பாத்தா. கோவம் கூட இல்ல அந்தப் பார்வையில.

"வீட்டுக்கு வந்தவங்களை 'சாப்பிடுங்க'ன்னா முதல்ல 'வேண்டாம்'னுதான சொல்லுவாங்க? நம்ம ஊருல யாரு முதல் தடவையே சரின்னு சொல்லுகா? பஸ்ஸு ஏத்தி விட வந்தவளை 'நீ கெளம்பு, நேரமாச்சு'ன்னா அவ கெளம்பிருவாளா? வாயில அதான் வந்துச்சு. வலியில வேற என்ன வரும்? நீ 'போடி லூசு'ன்னுட்டு உக்காருவேன்னு நினைச்சேன். நீ ரெண்டாவது தடவை கேப்பேன்னு இருந்தேன். நீ ஏறிப் போனப்பறமும் கொஞ்ச நேரம் மேலேயே பாத்துட்டுக் கெடந்தேன். ரெண்டு நிமிஷம் ஆனதும் இனி நீ வர மாட்டேன்னு தெரிஞ்சு போச்சு."

நான் பட்டை மேல பழியைப் போடப் பாத்தேன். நிஜமாவே பாத்தேன். "அந்தக் கருமத்தைப் போட்டிருந்ததாலதான்டி, இல்லைன்னா நான்..."ன்னு ஆரம்பிச்சேன். அங்கயே நின்னுடுச்சு. பட்டை ரெண்டு நிமிஷத்துக்கு அப்பறம்தான் அழிக்கும். ரெண்டு நிமிஷத்துக்குள்ள நடந்ததெல்லாம் முழுசா என்கிட்ட இருந்திருக்கு. திரும்பிக் கிடந்த பாதம், அவ குரல், என் வாட்ச், எல்லாம். அப்ப முடிவெடுத்தது மறதி இல்ல. முழு ஞாபகத்தோட இருந்த ரோகிணிதான். அப்பறம்தான் மறந்தா.

அப்படின்னா கூடாரத்துல நின்னு பொய் சொல்லி ஆள் அனுப்புனவ யாரு? அவளும் நான்தான். இந்த ரெண்டு பேருல யாரை வெச்சுக்கறதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

"என்னை மன்னிச்சுடு"ன்னேன். சொன்னப்பவே அது எவ்வளவு சின்ன வார்த்தைன்னு தெரிஞ்சுது.

மெர்லின் சர்டிபிகேட்டை மடிக்காம என்கிட்ட திருப்பிக் குடுத்தா. வெளிய ஸ்கூல் வேன் ஒண்ணு ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு.

"காபி போடட்டா?"ன்னா.

"வேண்டாம்"னேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவ கையால காபி குடிக்கறது?

அவ சோபாவோட கையைப் பிடிச்சு மெதுவா எந்திரிச்சா. உடஞ்ச காலை ஊனி, விரல் போன பாதத்தை ஓரமா வெச்சு, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டே நடந்தா. அடுக்களை வாசல் வரைக்கும் போனவ நின்னு, என் பக்கம் திரும்பி, ரெண்டாவது தடவையும் கேட்டா.